ஒரு செட்டு குடுங்க

அக்டோபர் 16, புதன்

இந்த டைரியை ஜனவரியில் ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி கொடுத்தார். ஒன்பது மாதமாகக் கடையில் இருமல் மருந்து அலமாரியின் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. இன்று புஷ்பம் ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து அந்தக் காலுக்கு வைத்துவிட்டு, டைரியை உருவித் தூசி தட்டி என் கையில் தந்தாள். நேற்று என்ன சொன்னேன் என்பது இன்று எனக்கு ஞாபகம் இருப்பதில்லையாம். தேதி போட்டு எழுதி வைத்தால் சண்டை போடும்போது அவளுக்கு வசதியாக இருக்குமாம்.

தங்கபுஷ்பம் என் மனைவி. அரசுப் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். இருபத்து நான்கு வருடமாக விசில் ஊதிப் பழகியவள் ஒன்றைச் சொன்னால் வீட்டிலும் வரிசையில் நின்றுதான் கேட்க வேண்டும்.

ஆகவே எழுதுகிறேன். என் பெயர் பால்துரை, வயது ஐம்பத்திரண்டு, ஆலங்குளம் பக்கம் மெடிக்கல் ஷாப். இருபத்தாறு வருடமாகக் கடையில் நாற்காலி போட்டதில்லை. போட்டால் வாங்க வருகிறவர் உட்கார்ந்து கதை பேசுவார், விற்கிறவர் உட்கார்ந்து தூங்குவார். நின்றுகொண்டே வியாபாரம் பார்த்த கால்கள் இவை. இதைக் கொஞ்சம் பெருமையாகவே எழுதிக்கொள்கிறேன்.

மழை தொடங்கிவிட்டது. மழை வந்தால் எனக்கு மூச்சு இழுக்கும். ஒரு செட் போட்டேன். மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது.

அக்டோபர் 18, வெள்ளி

செட் என்றால் என்ன என்று எழுதி வைக்கிறேன். நாலு மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, சின்னக் காகித உறையில் போட்டு, வாயை மடித்துக் கொடுப்பது. வலிக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, கூடவே ஒரு சின்ன வெள்ளை. டாக்டர் சீட்டு வேண்டியதில்லை, ஆள் வந்து நின்றால் போதும். ஊரில் மற்றக் கடைகளிலும் கிடைக்கும். ஆனாலும் என் செட்டுக்குத் தனி மவுசு உண்டு. அந்தச் சின்ன வெள்ளைதான் அதில் கெட்டிக்காரன். மற்ற மூன்றும் துணைக்கு வந்தவை.

காலையில் முப்பிடாதி வந்தாள். பீடி சுற்றுகிறவள், எங்கள் கடைக்குப் பத்து வருட வாடிக்கை. சம்மணம் போட்டு, மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்து, காலை முதல் இருட்டும்வரை சுற்றுவாள்.

"ஒரு செட்டு குடுங்க அண்ணாச்சி. மேலு வலி. உங்க செட்ட போட்டாத்தான் சொளவ மடியில வைக்க முடியுது."

டாக்டர்கள்கூட இப்படி ஒரு நற்சான்று வாங்கியிருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது இடது பக்கம் சுருக்கென்றது. செருப்பு தேய்ந்துவிட்டது, அதுதான் காரணம். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு செட் போட்டேன்.

அக்டோபர் 21, திங்கள்

புதுச் செருப்பு வாங்கினேன். காரணம் செருப்பு இல்லை.

அக்டோபர் 23, புதன்

நான் கடைக்குக் கிளம்பும்போது புஷ்பம் வாசலில் நின்று என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் இப்படிப் பார்த்தாள் என்று நினைத்துத் திரும்பிச் சிரித்தேன்.

"இடது கால் லேட்டா வருது" என்றாள்.

"எங்க லேட்டு? கூடத்தான வருது."

"மார்ச் பாஸ்ட்ல இப்படி வந்தா வரிசைய விட்டு வெளிய நிறுத்திருவேன்."

தெரு முனைவரைக்கும் இரண்டு காலையும் சரியாக எடுத்து வைத்தேன். அவள் உள்ளே போன பிறகுதான் என் இஷ்டத்துக்கு நடந்தேன். மழை, இழுப்பு. ஒரு செட்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

மைத்துனர் வீட்டில் விருந்து. பந்திப் பாய் விரித்திருந்தார்கள். எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். வலது கால் மடங்கியது. இடது முழங்கால் மட்டும் தரைக்கு வர மறுத்து முட்டிக்கொண்டு நின்றது. கையால் அழுத்திப் பார்த்தேன், கண்ணில் நீர் வந்துவிட்டது. வடையில் மிளகாய் கடித்ததாகச் சொல்லிக்கொண்டேன். வடை இன்னும் இலைக்கு வரவில்லை என்பதைப் புஷ்பம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

கடைசியில் பெரியவர்களோடு மேசையில் உட்காரவைத்தார்கள். எனக்கு ஒரு பக்கம் எண்பது வயது, இன்னொரு பக்கம் எண்பத்து நான்கு. வீடு வந்து ஒரு செட் போட்டேன்.

நவம்பர் 4, திங்கள்

வலி எங்கே என்று புஷ்பம் கேட்டாள். இடுப்பு என்றேன்.

இடுப்பு என்பது வசதியான சொல். விலாவுக்குக் கீழே தொடங்கித் தொடைக்கு மேலே முடிகிற அத்தனை இடத்தையும் அந்த ஒரு சொல்லில் மூடிவிடலாம். இருபத்தாறு வருடமாகக் கடையில் பார்க்கிறேன், எல்லோரும் இடுப்பு என்றுதான் சொல்வார்கள், கையை ஆளுக்கு ஓரிடத்தில் வைப்பார்கள். எனக்கு வலிப்பது சரியாக எங்கே என்று இந்த டைரியில்கூட எழுதக் கூச்சமாக இருக்கிறது. இடுப்பு என்றே இருக்கட்டும்.

ஒரு செட். இப்போதெல்லாம் செட் போட்டால் வலி அரை நாள்தான் ஒளிந்துகொள்கிறது.

நவம்பர் 13, புதன்

புஷ்பத்தின் நச்சரிப்பு தாங்காமல் பாளையங்கோட்டைக்குத் தனியாகப் போய் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். போர்டில் டாக்டர் ஜெ. ரொசாரியோ என்று இருந்ததால் ஒரு மீசைக்காரரை எதிர்பார்த்துப் போனேன். ஜெ. என்றால் ஜெசிந்தாவாம். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது.

"எங்க சார் வலி?"

"இடுப்பு."

"கைய வச்சுக் காட்டுங்க."

அந்தப் பெண் பிள்ளை முன்னால் எங்கே கை வைப்பது. முதுகுக்குக் கீழே, பின்பக்கம், மரியாதையான ஓரிடத்தில் வைத்தேன்.

சுகர், பிரஷர் இருக்கிறதா என்றார். இல்லை. குடிப்பழக்கம்? கிடையாது, சத்தியமாகக் கிடையாது. தொடர்ந்து ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து, ஸ்டீராய்டு? இல்லை. நானே மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. அப்படியானால் உங்களுக்கே தெரியும் என்று அவர் எழுதிக்கொண்டார்.

கீழ்முதுகை எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பு வயசுக்கு நன்றாகவே இருக்கிறது, பத்து நாளில் வலி குறையாவிட்டால் திரும்ப வாருங்கள் என்றார். ஃபிலிமை வீட்டில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் புஷ்பத்துக்குக் காட்டினேன். நல்ல முதுகு என்று ஒத்துக்கொண்டாள். வலிக்கிறது முதுகா என்று மட்டும் கேட்டாள். பஸ்ஸில் வந்த அலுப்புக்கு ஒரு செட்.

நவம்பர் 22, வெள்ளி

முப்பிடாதி இன்று கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாரத்தை ஒரு காலில் போட்டு மற்றக் காலைச் சும்மா தொட்டு வைத்திருந்தாள். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நானும் அதே மாதிரிதான் நிற்கிறேன் என்று அப்புறம்தான் கவனித்தேன். நடுவில் கண்ணாடி வைத்ததுபோல் இருந்தது.

"சொளவ இப்ப முக்காலில வச்சிச் சுத்துதேன் அண்ணாச்சி. மடங்க மாட்டேங்குது. ரெண்டு செட்டா குடுங்க."

இரண்டாகக் கொடுத்தேன். அவள் போன பிறகு நானும் ஒரு செட் போட்டேன். அவள் நடை இன்று முழுக்க நினைவில் வந்துகொண்டிருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

புஷ்பம் என்னைப் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். காற்று வாங்கப் போகிறோம் என்று நினைத்தேன். அங்கே சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தாள்.

"இந்தக் கோட்டுல நடங்க."

நடந்தேன். பின்னால் வந்து பார்த்தாள், முன்னால் வந்து பார்த்தாள். இடது கால் ஊன்றும்போதெல்லாம் உடம்பு மொத்தமும் அந்தப் பக்கம் சாய்கிறதாம். பிறகு நீளம் தாண்டுகிற மணலில் என்னைப் படுக்கச் சொன்னாள். ஐம்பத்திரண்டு வயதில் மணலில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தேன். அவள் இடது முழங்காலை மடக்கி, பாதத்தைப் பிடித்து, தொடையை உள்பக்கமாகத் திருப்பினாள். நான் போட்ட சத்தத்தில் வேப்ப மரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன.

"இது இடுப்பு இல்லங்க. தொடை மூட்டு" என்றாள். "வருசா வருசம் பிள்ளையளுக்குப் பாக்கேன். டாக்டர்ட்ட எங்க காட்டினிய?"

நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் எழுந்திருக்க அவள் கை கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு செட்.

டிசம்பர் 2, திங்கள்

இந்த முறை இரண்டு பேரும் போனோம்.

"இடுப்பு எப்படி இருக்கு சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் புஷ்பம் முந்திக்கொண்டாள். "அவங்களுக்கு வலி கவட்டையில டாக்டர். உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படுதாவ."

டாக்டர் சிரிப்பை அடக்கினார். அடக்கியது நன்றாகத் தெரிந்தது. "இங்க வர்ற ஆம்பளைங்க பாதிப்பேர் முதுகத்தான் காட்டுவாங்க. பொம்பளைங்களும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் காலைத் திருப்பிப் பார்த்தார். புஷ்பம் மணலில் செய்த அதே சோதனைதான், மெத்தையில்.

பிறகு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. தொடை மூட்டுக்கு எக்ஸ்ரே எடுத்தார். நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது, ஸ்கேனில்தான் உறுதியாகும், எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம் என்றார். மறுபடியும் அதே கேள்வி. "ஸ்டீராய்டு எப்பவாவது எடுத்தீங்களா? வீசிங்குக்கு, வலிக்கு, எதுக்காவது?"

"இல்ல டாக்டர்."

புஷ்பம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன்.

டிசம்பர் 5, வியாழன்

இது புஷ்பம் எழுதுகிறேன். அவர் ஸ்கேன் அறைக்குள் இருக்கிறார். முக்கால் மணி நேரம் ஆகுமாம். இரும்பு, வெள்ளி எதுவும் உள்ளே போகக் கூடாது என்று வாட்ச், மோதிரம், வெள்ளி அரைஞாண், சாவிக்கொத்து, பை எல்லாவற்றையும் என் மடியில் குவித்துவிட்டுப் போயிருக்கிறார். பைக்குள் இந்த டைரி. அடுத்தவர் டைரியைப் படிக்கக் கூடாது என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் நினைத்தேன்.

முதல் திருத்தம்: என் சர்வீஸ் இருபத்து நான்கு வருடம் அல்ல, இருபத்தைந்து.

இரண்டாவது: கல்யாணமான புதிதில் நான் இவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றதே கிடையாது.

மூன்றாவது: "ஒரு செட்" என்று எட்டு இடத்தில் எழுதியிருக்கிறது. எழுதாத நாட்களுக்கு வருகைப் பதிவேடு இல்லை. மழைக்காலம் ஒவ்வொன்றிலும், இருபது வருடமாக, இவர் மூச்சு இழுத்துக்கொண்டு கடைக்குப் போவதும் மத்தியானம் தெளிவாகத் திரும்பி வருவதும் எனக்குத் தெரியும். என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டவள் மருந்தைப் பற்றி ஏன் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

பையில் ஒரு உறை இருந்தது. பிரித்தேன், நாலு மாத்திரை. கீழே மருந்தகத்தில் இருந்த பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சின்ன வெள்ளையை எடுத்து அதில் அழுத்தியிருந்த எழுத்தைப் படித்துவிட்டு, "இது ஸ்டீராய்டுல்லாக்கா, யாரு எழுதிக் குடுத்தா?" என்றாள்.

கோபம் வரவில்லை. இவரை இன்னும் இருபது வருடம் கேலி செய்ய வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, அதற்கு இவர் நடமாட வேண்டும்.

கதவு திறக்கிறது. நிறுத்துகிறேன்.

டிசம்பர் 6, வெள்ளி

நேற்றைய பக்கத்தை இப்போதுதான் பார்த்தேன். திருத்தங்களில் இரண்டாவதை நான் ஏற்கவில்லை.

இன்று முடிவு சொன்னார்கள். டாக்டர் கணினித் திரையில் படத்தைத் திருப்பிக் காட்டினார். தொடை எலும்பின் தலை ஒரு பந்து, அது ஒரு கிண்ணத்துக்குள் சுற்றுகிறது. என் இடது பந்தின் மேல்பாகத்தில் கோடு போட்டுப் பிரித்தது மாதிரி ஒரு திட்டு.

"இந்த இடத்துக்கு ரத்தம் சரியாப் போகல. ரத்தம் போகாததால எலும்பு செத்துப்போயிருக்கு சார்."

"எலும்பு சாகுமா டாக்டர்? ஆள் உசிரோட இருக்கும்போதே?"

"சாகும். பந்து இன்னும் நசுங்கல, அதுதான் நமக்கு நல்ல சேதி. ரெண்டாவது கட்டம். சின்னத் துளை போட்டு உள்ள இருக்கிற அழுத்தத்தக் குறைச்சுப் பாக்கலாம். நிறையப் பேருக்குக் கை குடுக்கும், எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன். நசுங்கிட்டா மூட்டையே மாத்தணும்."

"பந்து நசுங்கினா மாத்துறதுதான. பள்ளிக்கூடத்துல வருசத்துக்கு ஆறு மாத்துதேன்" என்றாள் புஷ்பம்.

டாக்டர் இன்னொரு படத்தை எடுத்தார். வலது பக்கம். அங்கேயும் ஒரு சின்னத் திட்டு, வலி இல்லாமல், சத்தம் இல்லாமல் தொடங்கியிருக்கிறது. ஒரு கால் போனால் இன்னொரு காலில் நின்றுகொள்ளலாம் என்றுதான் இத்தனை நாள் தைரியமாக இருந்தேன்.

"உங்க வயசுல, குடிக்காத ஆளுக்கு, ரெண்டு பக்கமும் இப்படி வந்தா நாங்க முதல்ல சந்தேகப்படுறது ஸ்டீராய்டத்தான். அதான் ரெண்டு தடவ கேட்டேன். காரணம் தெரியாம நான் இடது பக்கம் துளை போட்டுக்கிட்டு இருப்பேன், வலது பக்கம் செத்துக்கிட்டு இருக்கும். இப்பவாவது சொல்லுங்க."

புஷ்பம் டைரியை எடுத்து மேசைமேல் வைத்தாள். விசில் ஊதவில்லை.

"செட்தான் டாக்டர் எடுத்தேன்" என்றேன். "ஸ்டீராய்டு எடுக்கல."

சொல்லி முடித்ததும் என் காதுக்கே அது கேட்டது. அந்த மாத்திரையின் பெயர் அட்டையில் அச்சடித்திருக்கிறது. தினமும் அந்த அட்டையைக் கிழிக்கிறவன் நான்தான். ஆனால் அட்டையிலிருந்து உறைக்குள் விழுந்ததும் அதன் பெயர் போய்விடுகிறது, அது செட் ஆகிவிடுகிறது. நான் டாக்டரிடம் பொய் சொன்னேனா என்று கேட்டால், இல்லை என்று அன்றைக்குச் சத்தியம்கூடச் செய்திருப்பேன். ஆள் தெரிந்தே ஏமாறுவதற்கு ஒரு காகித உறை போதும்.

டாக்டர் திட்டவில்லை. டைரியைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேதிகளை எழுதிக்கொண்டார். நீளம் தாண்டுகிற மணல் வந்த பக்கத்தில் மட்டும் அவர் தோள் குலுங்கியது. மீசைக்காரர் என்று எழுதியதையும் படித்திருப்பார்.

இனி ஒன்றைக்கூடத் தொடமாட்டேன் என்று வீராவேசமாகச் சொன்னேன். அதுவும் கூடாதாம். இத்தனை வருடம் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்ததால் உடம்பு தன் பங்குக்குச் சுரப்பதை மறந்திருக்கும், படாரென்று நிறுத்தினால் ஆளே விழுந்துவிடலாம், அவர் சொல்கிற கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டுமாம். இழுப்புக்கு இன்ஹேலர் எழுதினார். இருபது வருடமாக மற்றவர்களுக்கு விற்ற சாமான். எனக்கு அது வேண்டியிருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

பஸ்ஸில் புஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்கும்தான் என்றாள்.

டிசம்பர் 18, புதன்

துளை போட்டாயிற்று. இடது காலை ஆறு வாரம் ஊன்றக் கூடாது. இரண்டு அக்குள் கட்டைகள் வந்திருக்கின்றன. அலமாரியின் குட்டைக் காலுக்கு டைரியை வைத்தேன், எனக்கு இரண்டு கட்டைகள் கேட்கின்றன.

டிசம்பர் 27, வெள்ளி

பிசியோதெரபி தொடங்கியது. படுத்துக்கொண்டு பாதத்தை ஆட்டுவது, தொடையை இறுக்கிப் பிடித்து விடுவது. எத்தனை தடவை என்று கேட்டேன்.

"பத்துப் பத்தா மூணு செட்டு சார்."

புஷ்பம் சிரித்த சிரிப்பில் அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அரையாண்டு விடுமுறை அவளுக்கு. வீட்டிலும் தலைமாட்டில் நின்று எண்ணுகிறாள். எட்டு, ஒன்பது, ஏமாத்தாதிய, ஒன்பது.

ஜனவரி 8

டைரி டிசம்பரோடு முடிந்துவிட்டது. புதிது வாங்கலாம் என்று பார்த்தால், இதன் முன்பக்கத்து ஜனவரி முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. போன வருடக் கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

இன்று கடை திறந்தேன். புஷ்பம் கூட வந்து, பள்ளியில் கேட்டு வாங்கிய ஒரு நாற்காலியைக் கவுன்ட்டருக்கு உள்ளே போட்டாள். இருபத்தாறு வருட வைராக்கியம் அரை நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு பார்த்தால் கடை வேறு மாதிரி இருக்கிறது. முகம் தெரிவதற்கு முன்னால் வருகிறவர்களின் நடை தெரிகிறது.

செட் கேட்டு ஒன்பது பேர் வந்தார்கள். இல்லை என்றேன். எட்டுப் பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள். ஒன்பதாவது ஆள் முப்பிடாதி. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள்.

"ஒரு செட்டு குடுங்க அண்ணாச்சி."

"இனிமே கிடையாது முப்பிடாதி. அது எலும்பக் கொல்லுது. என் கட்டையப் பாரு."

அவள் கட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பத்து வருசமா நீங்கதான குடுத்திய?"

"ஆமா."



"எங்க வலிக்கி?" என்று கேட்டேன். பத்து வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

"இடுப்புதான்." கையைப் பின்னால், முதுகுக்குக் கீழே, மரியாதையான ஓர் இடத்தில் வைத்தாள்.

நான் கட்டையை ஊன்றி எழுந்து நின்று, கவுன்ட்டருக்கு மேலே அவளுக்குத் தெரியும்படி, என் கவட்டையில் கையை வைத்தேன். "எனக்கு இங்கன. உனக்கு?"

முப்பிடாதி தரையைப் பார்த்தாள். புஷ்பம் அவள் பக்கத்தில் போய் நின்றாள். முப்பிடாதியின் கை முன்னால் வந்து அதே இடத்தில் நின்றது. புஷ்பம் நாற்காலியைத் தூக்கிக் கவுன்ட்டருக்கு வெளியே வைத்து அவளை உட்காரவைத்தாள். நான் கட்டையில் சாய்ந்து நின்றேன்.

ஜனவரி 11

மூன்று பேரும் பாளையங்கோட்டை போனோம். டாக்டர் ஜெசிந்தா முப்பிடாதியின் காலைத் திருப்பிப் பார்த்தார். அவள் சத்தம் போடவில்லை, புஷ்பத்தின் கையைத்தான் கசக்கினாள். அதே சந்தேகம்தான், ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவோம், சீக்கிரம் வந்தது நல்லது என்றார். பிறகு பேனாவை எடுத்தார்.

"என்ன மாத்திர சாப்பிட்டீங்கம்மா?"

"மேலு வலிக்குப் போடுததுதான்."

"எந்தக் கடையில வாங்குனீங்க? எத்தன வருசம்?"

முப்பிடாதி என் பக்கம் திரும்பவில்லை. சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தாள். "ஞாபகம் இல்ல டாக்டர். ஏதோ ஒரு கட."

அவள் என்னைக் காப்பாற்றுகிறாள் என்று புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. டாக்டர் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். இடது காலை ஊன்றக் கூடாது என்பதை மறந்து எழுந்துவிட்டேன். புஷ்பம் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங் கடையிலதான் டாக்டர். பத்து வருசம். வாரத்துக்கு ரெண்டு செட்டு. ஒவ்வொரு செட்டுலயும் ஒரு ஸ்டீராய்டு. நான்தான் போட்டுக் குடுத்தேன். இவளுக்கு அது என்னன்னு தெரியாது, எனக்குத் தெரியும்."

டாக்டர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கோடு கிழித்ததை அடித்துவிட்டு, நான் சொன்னதை வரி வரியாக எழுதினார். வேறு யார் யாருக்குக் கொடுத்தீர்கள், பெயர் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். வாடிக்கைக்காரர்களை எனக்கு முகம் பார்க்காமலே தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முப்பிடாதி முன் இருக்கையில் இருந்தாள். சீதபற்பநல்லூர் தாண்டியதும் திரும்பி, "நான்தான் சொல்லலியே, நீங்க ஏன் அண்ணாச்சி சொன்னிய?" என்றாள். கோபமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புஷ்பம் என் காதருகே குனிந்தாள். இருபத்தேழு வருடத்தில் அவள் பிடுங்காமல் நானாகச் சொன்ன முதல் உண்மை இதுதானாம். மறந்துபோவீர்கள், தேதி போட்டு எழுதி வையுங்கள் என்றாள்.

போட்டுவிட்டேன். நாளைக்குப் பெயர்களை எழுத வேண்டும். ஜனவரியில் இன்னும் இருபது பக்கம் காலியாக இருக்கிறது.